குடும்பமாக ஒரு வள்ளப் பயணம்: பெற்றோருக்கான முன்னேற்பாடுகள்

(பெற்றோர் சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் திருவிழாவில், டாட்டல்ன்–ஹம் கால்வாய்க் கரையில் தீர்த்தோற்சவம் காணச் சென்றவர்கள் நம்மிடையே பலர். ஆயினும், குடும்பமாக ஒரு வள்ளத்தில் ஏறித் துடுப்புப் போட்டவர்கள் மிகச் சிலரே. பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தில் 'கனு' என்னும் சொல்லைக் கண்டதும் கையொப்பம் இடத் தயங்குகிறோம். அத்தயக்கத்துக்குக் காரணம் உண்டு. கடல் வழியே உயிர் தப்பியவர்களும், 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்தவர்களும் நம் குடும்பங்களில் இருக்கின்றனர். அந்த அச்சத்தை எவரும் இகழக் கூடாது. எனினும், ஆறும் ஏரியும் நிறைந்த இந்நாட்டில் வளரும் பிள்ளை, என்றேனும் ஒருநாள் நண்பர்களோடு நீரருகே செல்லத்தான் போகிறது. அதற்கு முன்னர், பெற்றோருடன் சேர்ந்து நீரை முறையாக அறிந்துகொள்வது நன்று.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: வள்ளத்தில் ஏறுவோரில் யாருக்கு நீந்தத் தெரியும்? 'சேபேர்ட்ஷென்' எனப்படும் கடற்குதிரைச் சின்னம் பெற்ற பிள்ளைக்கு நீச்சல் தெரியும் என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கு நீந்த வேண்டிய தூரம் 25 மீற்றர் மட்டுமே. அது தொடக்கம் மட்டுமே. வெண்கலச் சின்னத்துக்கு 15 நிமிடங்களில் குறைந்தது 200 மீற்றர் நீந்தி, இரண்டு மீற்றர் ஆழத்திலிருந்து ஒரு பொருளையும் எடுத்துவர வேண்டும். அதைப் பெற்ற பின்னரே பிள்ளையைப் பாதுகாப்பாக நீந்தக்கூடியவராகக் கொள்ளலாம் என்பது ஜேர்மன் உயிர்காப்புச் சங்கமாகிய டி.எல்.ஆர்.ஜி.யின் கருத்து. 1912 இல் றூகன் தீவின் பின்ஸ் நகரில் இறங்குதுறை இடிந்து, நீந்தத் தெரியாமற் பலர் மாண்ட துயரத்தின் பின், 1913 இல் தோன்றிய சங்கம் அது.

தமக்கு நீந்தத் தெரியாது என்பதைச் சொல்லப் பெற்றோர் வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களுக்கான வகுப்புகள் உள்ளன; பெண்களுக்கு மட்டும் நேரம் ஒதுக்கும் நீச்சல் தடாகங்களும் உள்ளன. ஒவ்வொரு வள்ளத்திலும் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவரேனும் இருக்க வேண்டும். அவ்வாறு ஒருவர் இல்லையெனில், இவ்வாண்டு நீச்சல் வகுப்புக்குச் செல்லுங்கள். பயணம் அடுத்த ஆண்டு ஆகட்டும்.

இரண்டாவது, உயிர்காப்பு மேலங்கி. 50 நியூட்டன் எனக் குறிக்கப்பட்டது நீந்தத் தெரிந்தவர்களுக்கான மிதவை உதவி மட்டுமே. மயங்கியவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பாது. நீந்தத் தெரியாத சிறு பிள்ளைக்குக் கழுத்துப் பட்டையும் கால்களுக்கிடையே செல்லும் வாரும் உடைய, குறைந்தது 100 நியூட்டன் மேலங்கியைக் கேட்டு வாங்குங்கள். அணிவித்த பின் தோட்பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் பிள்ளைக்கு அளவில்லாதது. பெரியவர்களும் அணிய வேண்டும். பிள்ளையை வள்ளத்துடன் ஒருபோதும் கட்டக் கூடாது.

மூன்றாவது, நீர்நிலையைத் தெரிவுசெய்தல். நாம் நன்கறிந்த கால்வாய் அமைதியாகத் தோன்றினாலும், அதில் சரக்குக் கப்பல்கள் செல்கின்றன. செங்குத்தான இரும்புச் சுவர் உள்ள இடங்களில் நீரில் விழுந்தவர் கரையேறுவது கடினம். முதற்பயணத்துக்குக் காற்றில்லாத நாளில் ஏரிக் கரையோரம் ஏற்றது. அடுத்த படியாக, மெதுவாக ஓடும் லான் ஆற்றை நினைக்கலாம். அங்கு வைல்புர்க் நகரில், 1847 இல் திறக்கப்பட்ட 195 மீற்றர் நீளமான படகுச் சுரங்கத்தின் ஊடாக வள்ளத்திலேயே செல்லலாம். பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். ஆனால் லானிலும் ஏனைய ஆறுகளிலும் அணைகள் உண்டு. அணையின் கீழே சுழலும் நீர், நன்றாக நீந்துபவரையும் உள்ளே இழுத்து வைத்திருக்கும். அறிவிப்புப் பலகையைக் கண்டதும் கரையேறி வள்ளத்தைத் தூக்கிச் செல்லுங்கள், அல்லது படகுப் பூட்டு வழியாகச் செல்லுங்கள்.

வாடகை நிலையத்தில் 'கனாடியர்' என்பது திறந்த வள்ளம். குடும்பத்துக்கு அதுவே ஏற்றது. அனுபவமுள்ளவர் பின்னால் அமர்ந்து திசை திருப்ப, சிறு பிள்ளை நடுவில் அமரட்டும். மணிக்கு மூன்று அல்லது நான்கு கிலோமீற்றர் செல்லலாம்; முதல் நாளுக்கு எட்டுக் கிலோமீற்றர் போதும். கனமழைக்குப் பின் ஆற்றின் நீர்மட்டத்தை நிலையத்தாரிடம் கேட்டறியுங்கள். இடியோசை கேட்டால் உடனே கரையேறுங்கள். மே மாதத்தில் வெயில் சுட்டாலும் ஆற்றுநீர் குளிர்ந்தே இருக்கும். மாற்றுடைகளை நீர்புகாப் பையில் வையுங்கள். சேலையும் நீண்ட துப்பட்டாவும் கால்களில் சிக்கும், அவற்றைத் தவிருங்கள். புளிச்சோற்றுப் பொதி தாராளமாக வரலாம். குடிநீரும் தொப்பியும் அதனுடன் வரட்டும்.

புறப்படுவதற்கு முதல் நாள் வீட்டிலேயே பிள்ளையிடம் கேளுங்கள்: "வள்ளம் கவிழ்ந்தால் என்ன செய்வாய்?" விடை இதுவாக இருக்கட்டும்: "வள்ளத்தைப் பிடித்துக்கொள்வேன், அப்பா, அம்மாவைக் கூப்பிடுவேன்." பெரியவர்கள் முதலில் பிள்ளைகளை எண்ண வேண்டும். கைத்தொலைபேசியும் பைகளும் மிதந்து போனால் போகட்டும். அவசர இலக்கம் 112. அழைக்கும்போது இடத்தைச் சொல்ல, கடந்து வந்த பாலத்தையும் ஊரையும் நினைவில் வைத்திருங்கள்.

இறுதியாக ஒன்று. கரைக்கு வந்த பின் நீர் கலங்கி விரைந்தோடக் கண்டாலோ, பிள்ளை அழுது மறுத்தாலோ திரும்பிவிடுங்கள். அன்று ஆற்றங்கரையிலேயே பொதியை அவிழ்த்து உண்டு வீடு திரும்புவதில் இழுக்கில்லை. கட்டுமரம் என்னும் நம் சொல்லை இந்நாட்டவர் 'கற்றமறான்' என வழங்குகின்றனர். நீரோடு நமக்குள்ள அப்பழைய உறவை நம் பிள்ளைகளும் அச்சமின்றி, ஆயத்தத்துடன் தொடரட்டும்.