ஓர் இசைக்குழு ஒரு தலைமுறையை மாற்றுமா?



ராக் இசையைக் கேட்டாலே, "இதெல்லாம் ஒரு பாட்டா? காது கிழிகிறது" என்று சலித்துக்கொள்ளும் பெற்றோர் எல்லா ஊரிலும் உண்டு. ஒரு பாட்டு பிடிக்கவில்லை என்பது வேறு. அதைக் கேட்கும் பிள்ளையே கெட்டவன் என்று முடிவு கட்டுவது வேறு. ஓர் அரசாங்கமே இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்? அதற்குச் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரம் நல்ல சான்று.

1968 ஆகஸ்டில் சோவியத் யூனியன் தலைமையிலான படைகள் டாங்கிகளோடு அந்நாட்டுக்குள் நுழைந்தன. அடுத்த சில வாரங்களில், மிலான் ஹ்லாவ்சா என்ற 17 வயது இளைஞர் நண்பர்களோடு ஒரு ராக் குழுவைத் தொடங்கினார். அதன் பெயர் 'தி பிளாஸ்டிக் பீப்பள் ஆஃப் தி யுனிவர்ஸ்'. அமெரிக்க இசைக் கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் ஒரு பாடலிலிருந்து எடுத்த பெயர் அது.

அந்த இளைஞர்கள் ஆட்சியைக் கவிழ்க்கக் கிளம்பியவர்கள் அல்லர். தங்களுக்குப் பிடித்ததை வாசிக்க விரும்பினார்கள், அவ்வளவுதான். ஆனால் அங்கே மேடையேற அரசாங்க லைசென்ஸ் வேண்டும். 1970-இல் அது பறிபோனது. முடியை வெட்டி, பாட்டை மாற்றிக்கொண்டு பிழைத்த குழுக்கள் பல உண்டு. இவர்கள் மாறவில்லை. கல்யாண விருந்து, நண்பர் வீட்டு விசேஷம் என்ற பெயரில் கிராமங்களில் வாசித்தார்கள். செய்தி வாய்வழியாகவே பரவியது. 1974 மார்ச்சில் செஸ்கே புட்யோவிட்சே நகருக்கு அருகில் அப்படித் திரண்ட இரசிகர்களைப் போலீசார் தடியால் அடித்து விரட்டினர். பாட்டுக் கேட்க வந்ததற்காக மாணவர்கள் சிலர் பள்ளியை விட்டே நீக்கப்பட்டார்கள்.

1976 மார்ச்சில் குழுவினரும் அவர்களைச் சார்ந்தவர்களும் கைது செய்யப்பட்டார்கள். பொது ஒழுங்கைக் கெடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அதே ஆண்டு செப்டம்பரில் நால்வருக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. குழுவின் வழிகாட்டி இவான் யிரோவுஸுக்கு 18 மாதச் சிறை. சாக்ஸபோன் வாசித்த விராதிஸ்லாவ் பிராபெனெட்ஸுக்கு 8 மாதம்.

கதை திரும்பும் இடம் இதுதான். நாடக ஆசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவல் அந்த வழக்கு விசாரணைக்கு நேரில் போனார். இவர்கள் அரசியல்வாதிகள் அல்லர், தங்கள் வாழ்க்கையைத் தாங்களே வாழ நினைத்த இளைஞர்கள். இவர்களுக்கே இந்தக் கதி என்றால் நாளை யாருக்கும் இது நேரலாம் என்பதை அவர் உணர்ந்தார். அதுவரை நீண்ட முடிக்காரர்களைத் திரும்பியும் பார்க்காத பேராசிரியர்களும் எழுத்தாளர்களும் அவர்கள் பக்கம் வந்து நின்றார்கள். 1977 ஜனவரியில் 'சாசனம் 77' என்ற அறிக்கை வெளியானது. முதலில் கையெழுத்திட்டவர்கள் 240-க்கும் மேற்பட்டோர். 1975-இல் ஹெல்சிங்கியில் அரசாங்கம் ஒப்புக்கொண்ட மனித உரிமைகளை அரசாங்கமே மதிக்க வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. சாசனத்தின் பேச்சாளர்களில் ஒருவரான தத்துவப் பேராசிரியர் யான் பாதோச்கா, தொடர்ந்த போலீஸ் விசாரணைகளுக்குப் பின் 1977 மார்ச்சில் காலமானார். ஹாவல் பல ஆண்டுகள் சிறையில் இருந்தார். பிராபெனெட்ஸ் நாட்டை விட்டே போக நேர்ந்தது. 1989 நவம்பரில் மக்கள் தெருவில் திரண்டார்கள். டிசம்பர் 29-ஆம் தேதி ஹாவல் அதிபரானார்.

அப்படியென்றால் ஒரு ராக் குழுதான் ஆட்சியை வீழ்த்தியதா? அப்படிச் சொன்னால் அது மிகை. மாஸ்கோவில் கோர்பச்சேவ் கொண்டுவந்த மாற்றம், போலந்துத் தொழிலாளர் போராட்டம், பெர்லின் சுவர் திறந்தது என்று காரணங்கள் பல. குழு செய்த காரியம் வேறு. பயந்து வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு, "நம்மைப் போல் இன்னும் பேர் இருக்கிறார்கள்" என்று காட்டியது. படித்தவர்களையும் பாட்டுக்காரர்களையும் ஒரே பக்கத்தில் நிற்க வைத்தது. அந்த இரண்டாவது காரியத்தைச் செய்ய உதவியதே அரசாங்கம் போட்ட வழக்குதான்!

முடியைப் பார்த்து ஆளை எடைபோடுவது நம் வட்டாரத்துக்கும் புதிதல்ல. 1970-களில் சிங்கப்பூர் அரசாங்க அலுவலகங்களில், நீண்ட முடி வைத்த ஆண்கள் கடைசியாகவே கவனிக்கப்படுவார்கள் என்ற அறிவிப்பு தொங்கியது. மலேசியாவில் 1992-இல் முடியை வெட்டினால்தான் அரசாங்கத் தொலைக்காட்சியில் தோன்றலாம் என்ற நிலை ராக் பாடகர்களுக்கு வந்தது. 'சர்ச்' குழுவின் ஏமி முடியை வெட்டிக்கொண்டார். இவற்றைப் பிராக் நகரத்துச் சிறையோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் முடி குறைந்ததே தவிர, அந்தப் பாடல்களின் மீது இளையோர் வைத்த ஆசை குறையவில்லை.

பிள்ளைகள் கேட்கும் பாட்டெல்லாம் நல்லது என்று யாரும் வாதாட வேண்டியதில்லை. வன்முறையையும் போதையையும் புகழும் பாட்டை வீட்டில் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் கண்டிக்கும் முன் ஒரு தடவையாவது அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். "இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது?" என்று விசாரிக்க வேண்டும். அந்தக் கேள்வியைப் பெற்றோர் கேட்காத வீட்டில், பிள்ளை தன் பதிலைச் சொல்ல வேறு ஆளைத் தேடிக்கொள்வான். கிடைக்கும் ஆள் ஒரு ஹாவலாகவே இருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.