பாட்டுக்குள் இருக்கும் பெயர்கள்



"எழுத்தே இப்போதுதான் படித்தோம், செய்யுள் இலக்கணம் எதற்கு?" என்பீர்கள். மகாராஷ்டிரப் பெண்கள் திரிகை சுற்றும்போது பாடிய பாட்டுக்கு 'ஓவி' என்று பெயர். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பாடியதுதான். அந்த ஓவியில்தான் ஞானேசுவரர் 1290-இல் கீதைக்கு விளக்கம் பாடினார்.

இந்தியில் 'தோஹா' இரண்டே அடி. அடிக்கு 24 மாத்திரை. 13-இல் நிறுத்தி, மீதி 11. அடியின் முடிவில் ஓசை ஒன்றும். தமிழில் அது இயைபு. நமக்கோ அடியின் தொடக்கமே பெரிது. முதல் எழுத்து ஒன்றினால் மோனை: கண், கடல். இரண்டாம் எழுத்து ஒன்றினால் எதுகை: பட்டு, கட்டு, எட்டு.

உங்கள் நடவுப் பாட்டிலும் இவை தாமாக வந்து விழும். பாமரப் பாட்டு என்று ஒதுக்குகிறவரிடம், எதுகை எங்கே என்று காட்டலாம். இன்றிரவு ஒரு தாலாட்டை எழுதுங்கள். எதுகைக்கு அடியில் கோடு போட்டு, நாளை கொண்டு வாருங்கள்.