முதுகுக்கு உரம் தரும் பயிற்சி
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



கண்ணாடியில் தெரியும் மார்பையும் புயத்தையும் வளர்க்கும் நாம், தெரியாத முதுகை மறந்துவிடுகிறோம். பாரம் சுமப்பதற்கும் நிமிர்ந்து நிற்பதற்கும் முதுகின் பலம் வேண்டும்.

அதற்கு இரு பயிற்சிகளைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று, இடுப்பை மடித்துக் குனிந்து பார்பெல்லை வயிற்றை நோக்கி இழுத்தல். இது மேல்முதுகுக்கும் விலாப்புறத்துக்கும் உரம் தரும். மற்றது, அதனை நிலத்திலிருந்து தூக்கி நிமிர்தல். இது முள்ளந்தண்டை நிமிர்த்தும் தசைகளுக்கானது.

இரண்டிலும் முதுகு கூனலாகாது. 8 முறை ஒழுங்காகச் செய்ய முடியாத பாரம் தொடக்கத்தில் வேண்டாம். வாரத்தில் 2 நாள் போதும். இடையில் ஓய்வு அவசியம்.

முதியோர் ஒரு கையை வாங்கில் ஊன்றி, மறு கையால் டம்பெல்லை இழுக்கலாம். கீழ்முதுகின் சுமை குறையும். நோ காலுக்கு இறங்கினால் முதலில் வைத்தியரை நாடுங்கள்.

வாலிபர்களே, தோழன் தூக்கும் பாரத்தோடு போட்டியிட்டு முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.