அனுமதி முதலில், அஸ்திவாரம் பிறகு

(தருமபுரி மாவட்டத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கட்டட அனுமதிக்கும் ஹஜ்ரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. நாம் கடை கட்டுகிறோம், வளாகம் கட்டுகிறோம், மண்டபம் கட்டுகிறோம். அதன் கழிவுநீர் யாருடைய கிணற்றில் இறங்குகிறது? அதன் ஆழ்துளைக் கிணறு யாருடைய தண்ணீரை உறிஞ்சுகிறது? இது அண்டை வீட்டாரின் ஹக் பற்றிய கேள்வியல்லவா?

2018ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். சேலம் - சென்னை எட்டு வழிச் சாலை என்றார்கள். 277 கிலோமீட்டர் நீளம், சுமார் 10,000 கோடி ரூபாய் செலவு, ஐந்து மாவட்டங்கள். அதில் நமது தருமபுரி மாவட்டமும் ஒன்று. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் விவசாயிகளின் நிலத்தில் அளவுக்கல் நட்டார்கள். கிணறும் தோப்பும் போய்விடுமே என்று தாய்மார்கள் கதறினார்கள். அந்த ஏழை விவசாயிக்கு அப்போது துணை நின்றது எது? பணமா? பதவியா? இல்லை. ஒரு சட்ட விதி!

1984இல் போபாலில் விஷவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்ட பிறகு, 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் கீழ் 2006 செப்டம்பர் 14இல் மத்திய அரசு ஓர் அறிவிக்கையை வெளியிட்டது. பட்டியலில் உள்ள திட்டங்களுக்கு வேலை தொடங்குமுன் சுற்றுச்சூழல் அனுமதி பெற வேண்டும் என்பதே அதன் சாரம். 'முன்' என்ற அந்தச் சிறு சொல்லை வைத்துத்தான் எட்டு வழிச் சாலை வழக்கே நடந்தது.

2019 ஏப்ரல் 8இல் சென்னை உயர் நீதிமன்றம், நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. சுற்றுச்சூழல் அனுமதி முதலில் வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2020 டிசம்பர் 8இல் வந்த தீர்ப்பு, நிலம் எடுப்பதற்கான முதல் அறிவிக்கைக்கு முன் அந்த அனுமதி தேவையில்லை என்றது. ஆனால் சாலை வேலையைத் தொடங்குமுன் கட்டாயம் வேண்டும் என்றது. நிலத்தைக் கையகப்படுத்துமுன்பே வருவாய்ப் பதிவேட்டில் பெயரை மாற்றியதும் செல்லாது என்றது. விவசாயிகள் கேட்டது முழுவதும் கிடைக்கவில்லை. ஆனால், அரசாங்கமே ஆனாலும் அனுமதியின்றி மண்வெட்டியைத் தூக்கக்கூடாது என்பது நிலைத்தது.

இப்போது உங்களைக் கேட்கிறேன். அரசாங்கம் சாலை போட்டால் 'அனுமதி எங்கே?' என்கிறோம். நாம் வளாகம் கட்டும்போது மட்டும் 'ஆளைப் பார்த்துக்கொள்ளலாம்' என்கிறோமே, இது என்ன நியாயம்? வாங்க ஒரு படி, விற்க ஒரு படி வைத்திருக்கும் வியாபாரியை நாம் என்னவென்று அழைப்போம்?

'எல்லாம் பெரிய தலைவலி, எந்தக் காகிதம் வேண்டுமென்றே தெரியவில்லை' என்கிறார்கள் சில வணிகர்கள். தெரியாமல் இருப்பதால்தான் இடைத்தரகர் பிழைக்கிறார். தெரிந்துகொள்ளுங்கள். கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2 லட்சத்து 15 ஆயிரம் சதுர அடியைத் தொட்டால்தான் சுற்றுச்சூழல் அனுமதி. அதை மாநில அளவிலான ஆணையம் வழங்கும். நம்மில் பெரும்பாலோருடைய கடைகளுக்கு அது தேவையே இல்லை! ஆனால் திட்ட அனுமதியும், நகராட்சி அல்லது ஊராட்சியின் கட்டட அனுமதியும் சிறிய கடைக்கும் உண்டு. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு 2024 முதல் சுயசான்று முறை வந்திருக்கிறது. அது குடியிருப்புக்கு மட்டும். அதைக் காட்டிக் கடை கட்டாதீர்கள்.

'நாங்கள் கட்டுவது கல்விக்கூடம், சேவைதானே' என்பாரும் உண்டு. 2025 ஜனவரியில் மத்திய அரசு பெரிய கல்விக்கூடங்களுக்கும் தொழிற்கூடங்களுக்கும் விலக்கு கொடுத்துப் பார்த்தது. ஆகஸ்ட் 5இல் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்துவிட்டது. நல்ல எண்ணத்தோடு கட்டினாலும் கழிவுநீர் கழிவுநீர்தான்!

'முதலில் கட்டுவோம், பிறகு அபராதம் கட்டிச் சரிசெய்வோம்' என்பது இன்னொரு கணக்கு. பெரிய திட்டங்களுக்கு அப்படிப் பின்னால் அனுமதி தருவது செல்லாது என்று 2025 மே 16இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நவம்பர் 18இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அத்தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. ஆறே மாதத்தில் நிலை புரண்டது. இதை நம்பி உங்கள் முதலைப் போடுவீர்களா? பத்து ரூபாய் சரக்குக்கே பத்து முறை யோசிக்கும் நீங்கள், வாழ்நாள் சேமிப்பைச் சீல் வைக்கக் கொடுப்பீர்களா?

நமது மாவட்டத்துக்கு இது வெறும் சட்டப் பிரச்சினையும் அல்ல. இங்கே பாறையிலுள்ள புளோரைடு நிலத்தடி நீரில் கரைகிறது. அதைக் குடித்த பிள்ளைகளின் பற்கள் பழுப்பேறின. பெரியவர்களின் எலும்பும் மூட்டும் நோயுற்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட மக்களுக்காக ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. இப்படிப்பட்ட மண்ணில் பெய்கிற மழை ஒவ்வொரு துளியும் அமானிதம். 2003 முதல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் எத்தனை கட்டடங்களில் அந்தக் குழாய் காட்சிக்கு மட்டும் நிற்கிறது! மண் மூடிய குழியை ஒரு நாள் கூலி கொடுத்துத் தூர்வாரக் கூடாதா?

இளைஞர்களே! உங்களுக்கும் வேலை இருக்கிறது. சுற்றுச்சூழல் அனுமதிக்கு மக்களின் கருத்தைக் கேட்க வேண்டிய பெரிய திட்டம் வந்தால், கருத்துக்கேட்புக் கூட்டத்தை 30 நாட்களுக்கு முன்பே நாளிதழில் அறிவிக்க வேண்டும். திட்ட அறிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பார்க்கலாம். படியுங்கள். கூட்டத்துக்குப் போங்கள். கூச்சலிட வேண்டாம், எழுதிக் கொடுங்கள், பதிவாகட்டும். அனுமதி கொடுத்தது தவறென்றால், பாதிக்கப்பட்டவர் 30 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாட்கள் வரை அனுமதிப்பார்கள். அதற்குமேல் கதவு அடைபட்டுவிடும்.

வணிகப் பெருமக்களே! அடுத்த முறை மேஸ்திரி கயிறு பிடிக்க வரும்போது, முதலில் அவரிடம் அனுமதி ஆணையைக் காட்டுங்கள். ஆணையிலுள்ள நிபந்தனைகளைப் படித்துச் சொல்லுங்கள். பக்கத்து மனைக்காரரையும் அழைத்துக் காட்டுங்கள். நம் வாசலில் சட்டத்தை மதித்தவர்களாக நாம் இருந்தால்தான், நாளை அரூர் விவசாயியோடு சேர்ந்து நின்று 'அனுமதி எங்கே?' என்று எந்த அதிகாரியையும் தலைநிமிர்ந்து கேட்க முடியும்.