சந்தி யாருடையது?

(வலிகாமத்து விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



அரசியற் கூட்டத்திலே வீதிச் சந்தியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவத்தை நெரிப்பது எனக்குத் தெரிகிறது. உரிமை என்பது பாராளுமன்றத்திலே மட்டும் பேசப்படும் பொருளன்று. விடியுமுன் கத்தரிக்காய் மூட்டையைத் துவிச்சக்கர வண்டியிற் கட்டிக்கொண்டு சந்தைக்குப் புறப்படுகிற கமக்காரன் சந்தியைக் கடந்து உயிரோடு வீடு திரும்புவதும் உரிமையே. அதை யாரிடம் கேட்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

யாழ்ப்பாணத்திலிருந்து பலாலி வீதியாலே வடக்கே செல்லுங்கள். கந்தர்மடம், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய் என்று சந்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. காங்கேசன்துறை வீதியிலே கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம். திருநெல்வேலியிலே சந்தியோடு ஒட்டியே சந்தை. கூப்பிடு தூரத்திலே பல்கலைக்கழகம். மரக்கறி லொறியும், மாணவரின் மோட்டார்ச் சைக்கிளும், பஸ்சும், ஓட்டோவும், நடந்து வருகிற கிழவியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு உரிமை கோருகின்றனர்.

2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின் நமது பெருவீதிகள் பல அகலமாயின, காப்பெற் இடப்பட்டன. நல்லதே. ஆனால் வீதி புதிதாயிற்று, சந்திகளிற் பல பழைய வடிவிலேயே நிற்கின்றன. மாட்டுவண்டிக்குப் போதுமானதாயிருந்த மூலையிலே இன்று மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வாகனம் வருகிறது. 30 கிலோமீற்றரில் வருவதற்கும் 60இல் வருவதற்கும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்று நினைத்துவிடாதீர்கள். வேகம் இரட்டித்தால் மோதும் வலு நான்கு மடங்காகும்.

ஆதலால், “சந்தியை இன்னும் அகலமாக்குங்கள்” என்ற கோரிக்கையை நான் ஆதரிக்கேன். அகலமான சந்தியிலே வாகனம் வேகத்தைக் குறையாமலே திரும்பும். பாதசாரி கடக்கவேண்டிய தூரமோ கூடும். வேண்டியது அகலமன்று, ஒழுங்கு. நான்கு வீதிகள் கூடும் சாதாரணச் சந்தியிலே வாகனங்களின் பாதைகள் வெட்டியும் கூடியும் பிரிந்தும் செல்லும் இடங்கள் 32 என வீதிப் பொறியியலாளர் எண்ணிக் காட்டுவர். அதே இடத்தில் ஒற்றை வரிசைச் சுற்றுவட்டம் அமைத்தால் அவை 8 ஆகக் குறையும். நேருக்கு நேர் மோதும் வாய்ப்பும் பெரும்பாலும் அற்றுப்போகும். ஆனால் வட்டத்தைக் கட்டிவிட்டால் மட்டும் போதாது. பிரித்தானியாவிலே சுற்றுவட்டங்கள் வெகுகாலம் இருந்தன. உள்ளே நிற்பவருக்கு வெளியிலிருந்து வருபவர் வழிவிட வேண்டும் என்ற விதி 1966இல் வந்த பின்னரே அவை நெரிசலின்றி இயங்கின. நமது ஊரில் வட்டத்தைக் கண்டதும் ஓட்டத்தைக் கூட்டுகிறவர்கள் இதனைக் கேட்டுக்கொள்க.

இடமில்லாத சந்திக்குச் சமிக்ஞை விளக்கு ஏற்றது. அதிலும் நடப்பவருக்கென்று தனி நேரம் ஒதுக்கப்படாவிட்டால், அது வாகனக்காரருக்கு மட்டும் ஏற்றிய விளக்கே.

இவற்றுக்கு முன்னர், பெருஞ்செலவின்றிச் செய்யத்தக்கவை சில உள. பஸ் தரிப்பிடத்தைச் சந்தியின் வாயிலிலிருந்து எடுத்துச் சந்தி கடந்த பின் வைத்தல்; வீதி நடுவே பாதசாரி நின்று இளைப்பாறச் சிறு திட்டு அமைத்தல்; விடியற்காலைச் சந்தைக்காரருக்காக விளக்கைப் பிரகாசமாக்கல். எல்லாவற்றிலும் முக்கியமானது மூலை மதில். குறுக்கு வீதியால் வருபவனை மதில் மறைக்கிறது. அவன் முன்சில்லை வீதியில் நீட்டிய பின்னரே பஸ்ஸைக் காண்கிறான். மூலையிலே இரு பக்கமும் 15 அடி அளந்து குறுக்கே வெட்டினால் போகும் நிலம் 112½ சதுர அடி. நமது வரகுப் பரப்பு 18 குழி. ஒரு குழி 151¼ சதுர அடி. ஒரு மூலைக்கு ஒரு குழிகூட இல்லை! நான்கு மூலைக்கும் சேர்த்து மூன்று குழிக்குச் சற்றுக் குறைவு. எல்லைவேலிக்கு ஒரு சாண் நகர்ந்ததென்று பத்தாண்டு வழக்காடுகிற நம்மவர்க்கு இக்கணக்கை விளக்கத் தேவையில்லை.

எனினும், நிலத்தை இனாமாகக் கொடுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி அறிவித்தல் வந்தால், ஆட்சேபணை கூறக் குறைந்தது 14 நாள் அவகாசமுண்டு. நட்டஈடும் உண்டு. 38ஆம் பிரிவின் காப்பு வாசகத்தின் கீழ் அவசரம் என்று கூறி முன்னதாகவே உடைமை எடுக்கவும் அரசினர்க்கு அதிகாரமுண்டு. மூலையை வெட்டுவதற்கு நாமே முன்வந்து வரைபடம் கொடுத்தால் அந்த அவசரத்துக்கு இடமிராது.

இனி, கேட்பது யாரிடம்? ஏ, பி வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வகுப்பு வீதிகள் 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தால் மாகாணத்துக்கு வந்தவை. ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. போக்குவரத்தைக் கட்டுப்படுத்துவது பொலிஸ். ஒரு சந்தியிலே இந்நால்வரும் சந்திக்கின்றனர். சந்தித்து ஒருவரையொருவர் சுட்டிக் காட்டுகின்றனர்! வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் பல ஆண்டுகள் மாகாண வீதிக்குப் பதில் சொல்லத் தெரிவான அமைச்சர் எவருமில்லை. பிரதேச சபைகளும் 2023 மார்ச்சிலிருந்து இரண்டாண்டுக்கு மேல் உறுப்பினரின்றிக் கிடந்து, 2025 மே மாதத் தேர்தலின் பின்னரே உயிர்பெற்றன. அதிகாரப் பகிர்வு ஏட்டுச்சுரைக்காயாய்ப் போவதன் விலையைச் சந்தியிலே நின்று பார்க்கலாம்.

நம்மிடமும் பிழையில்லாமலில்லை. நடைபாதையிலே கடையை நீட்டுகிறவர் நம்மவர். பின்விளக்கில்லாத உழவு இயந்திரத்தை இருட்டிலே ஓட்டுகிறவரும் நம்மவர்.

ஆகவே நான் கேட்பது இது. நால்வருக்கும் நான்கு மனு வேண்டாம். ஒரே மனு, தமிழில், ஒரே வரைபடத்துடன், நால்வருக்கும் பிரதியாகச் செல்லட்டும். நால்வரும் ஒரே நாளில் சந்திக்கு வந்து பார்க்க வேண்டும் என்பது முதற் கோரிக்கையாக இருக்கட்டும். அவர்களைக் கூட்டி வைக்கப் பிரதேச சபைத் தவிசாளரைக் கேட்போம். அவர் நமது வாக்கால் வந்தவர். மூலைக் காணிக்காரரின் சம்மதக் கடிதங்களை நான் இலவசமாக எழுதித் தருகிறேன். அளவெடுப்போர் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு, சந்தை வண்டிகள் வந்து குவியும் வேளையிலேயே, நாடாவோடு வந்து சேருக.