எல்லா மனிதருக்கும் ஒரே மாண்பு

(பொன்விழாவையொட்டி ஆலய வளாகத்தில் நடைபெற்ற மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கு தோன்றி 50 ஆண்டுகள் நிறைவெய்திய இந்நன்னாளில் நன்றி கூறுவதே நமது முதற்கடமை. அதனை இன்று காலைத் திருப்பலியில் நிறைவேற்றினோம். நம்மை வழிநடத்திய குருக்களையும், கன்னியரையும், உபதேசியார்களையும், கல் சுமந்தும் மண் சுமந்தும் இக்கோவிலை எழுப்பிய நம் முன்னோரையும் பீடத்தின் முன் நினைவுகூர்ந்தோம். நன்றி கூறியபின் நாம் செய்ய வேண்டியது நம்மை நாமே சோதித்தறிவது. அதற்கு உதவியாகச் சில எண்ணங்களை இம்மாலையில் உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

யூபிலி என்னும் சொல் எங்கிருந்து வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ஆட்டுக்கடாவின் கொம்பைக் குறிக்கும் எபிரேயச் சொல் அது. லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரப்படி, 50-ஆம் ஆண்டு பிறந்ததும் அக்கொம்பு ஊதப்பட வேண்டும். நாட்டில் வாழ்வோர் அனைவருக்கும் விடுதலை அறிவிக்கப்பட வேண்டும். அடிமைப்பட்டவன் தன் வீட்டுக்கும், நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும் திரும்ப வேண்டும். ஆக, யூபிலி என்பது கொடியும் தோரணமும் மட்டுமன்று. இழந்தவன் தன் இடத்தைத் திரும்பப் பெறும் ஆண்டு அது.

சென்ற மாதம் நம் இளைஞர் கூட்டத்தில் மனித உரிமை பற்றிப் பேச்சு எழுந்தது. ஒரு தம்பி எழுந்து, "ஃபாதர், ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைப் பிரகடனத்தில் கடவுள் பெயரே இல்லையே? அதைக் கோவிலில் வைத்து நாம் ஏன் பேச வேண்டும்?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இன்று சற்று விரித்துரைப்போம்.

இரண்டாம் உலகப்போர் 1945-இல் முடிந்தது. கோடிக்கணக்கானோர் மாண்டனர். அறுபது இலட்சம் யூத மக்கள், யூதராய்ப் பிறந்த ஒரே காரணத்திற்காகக் கொல்லப்பட்டனர். அக்கொடுமைகளில் பலவும் சட்டத்தின் பெயராலேயே நடந்தன என்பதுதான் உலகை உலுக்கியது. ஒரு நாட்டின் சட்டமே கொலைக்குத் துணைநிற்குமானால், அச்சட்டத்தைத் தவறென்று சொல்ல அதற்கும் மேலான ஓர் அளவுகோல் வேண்டாமா? இந்தக் கேள்வியிலிருந்தே மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது.

அதனை வரைந்த ஆணையத்திற்கு அமெரிக்காவின் எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார் தலைமை வகித்தார். சீனாவிலிருந்து பெங் சுன் சாங் வந்தார். கன்பூசியஸ் மரபில் ஊறியவர். லெபனானிலிருந்து சார்லஸ் மாலிக் வந்தார். கீழை வைதீகத் திருச்சபையைச் சேர்ந்த தத்துவப் பேராசிரியர். பிரான்சிலிருந்து வந்த ரெனே கசேன் சட்ட அறிஞர், யூதர். நாத்சிகளின் வெறியில் தம் உறவினர் பலரை இழந்தவர். நம் நாட்டிலிருந்து சென்றவர் குஜராத்தில் பிறந்த ஹன்சா மேத்தா அம்மையார். முதல் வரைவைத் தொகுத்தவர் கனடா நாட்டுச் சட்டப் பேராசிரியர் ஜான் ஹம்ஃப்ரி.

இவர்களுக்குள் எளிதில் ஒற்றுமை ஏற்பட்டுவிடவில்லை. 1947-இன் தொடக்கத்தில் ரூஸ்வெல்ட் அம்மையார் சிலரைத் தம் இல்லத்திற்குத் தேநீருக்கு அழைத்தார். அங்கே மாலிக் அவர்கள் புனித தோமாஸ் அக்குவினாரின் தத்துவத்தை விளக்கத் தொடங்கினார். சாங் அவர்களோ, உண்மைக்கு வழி ஒன்றே என்று முடிவு கட்டிவிடக் கூடாது, ஹம்ஃப்ரி சில மாதங்கள் கன்பூசியஸைப் படித்துவிட்டு வரட்டும் என்றார். பேச்சு உயர உயரப் போய்விட்டதைக் கண்ட அம்மையார், தேநீரைப் பரிமாறிவிட்டு அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்ததாகப் பின்னர் எழுதினார்.

அதே ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் பல நாட்டு அறிஞர்களுக்குக் கடிதம் எழுதி, மனித உரிமைக்கு அடிப்படை எது என்று கேட்டது. காந்தியடிகள் 1947 மே மாதத்தில் சுருக்கமாக விடையளித்தார். எழுத்தறிவற்றவரானாலும் ஞானம் மிக்க தம் தாயிடமிருந்து தாம் கற்ற பாடம், உரிமைகளெல்லாம் நன்கு ஆற்றிய கடமையிலிருந்தே பிறக்கின்றன என்பது என எழுதினார். கத்தோலிக்கத் தத்துவ மேதை ழாக் மாரித்தேன் அவர்களும் அம்முயற்சியில் பங்குகொண்டார். ஒன்றோடொன்று மோதும் கொள்கையுடையோர் ஒரே உரிமைப் பட்டியலுக்கு எப்படி உடன்பட்டனர் என்று பலரும் வியந்ததை அவர் நினைவுகூர்ந்தார். உரிமைகளைப் பற்றி எங்களுக்குள் உடன்பாடு உண்டு, ஆனால் ஏன் என்று மட்டும் எவரும் கேட்கக் கூடாது என்பதே அவர்களின் விடையாம்!

இது கேலிப்பேச்சன்று, இதில் ஆழ்ந்த உண்மை இருக்கிறது. குருமடத்தில் நாங்கள் இயற்கைச் சட்டம் என்னும் பாடத்தைப் பல மாதங்கள் பயின்றோம். புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய மடலின் 2-ஆம் அதிகாரமே அதற்கு ஊற்று. மோயீசனின் சட்டத்தை அறியாத மக்களும் தம் இதயத்தில் எழுதப்பட்டுள்ள சட்டத்தை உடையவர்கள், அவர்களுடைய மனச்சான்றே அதற்குச் சாட்சி என்கிறார் அவர். பாடமாக மனப்பாடம் செய்தபோது அது வெறும் வாக்கியமாக இருந்தது. பிரகடனத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது உயிர் பெற்று நின்றது.

இரண்டு சொற்களின் கதையை மட்டும் சொல்கிறோம்.

முதல் வரைவுகளில் "எல்லா ஆண்மக்களும்" என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலச் சொல்லே இருந்தது. அது இருபாலாரையும் குறிக்கும் பழைய வழக்குத்தானே என்று பலர் கருதினர். ஹன்சா மேத்தா அம்மையார் அதற்கு உடன்படவில்லை. சொல்லில் ஐயம் இருந்தால், பெண்களை விலக்கி வைக்க நினைப்போர் அந்த ஐயத்தையே ஆயுதமாக்குவர் என்று வாதாடினார். இறுதியில் "மனிதர் யாவரும்" என்ற பொருளில் அச்சொல் மாற்றப்பட்டது. உலகம் முழுவதும் படிக்கும் அந்த முதல் வரியில் ஓர் இந்தியத் தாயின் கைரேகை பதிந்திருக்கிறது.

இரண்டாவது சொல் மனச்சான்று. மனிதர் பகுத்தறிவு பெற்றவர் என்று மட்டுமே முதலில் எழுதியிருந்தனர். அது போதாது என்றார் சாங். சீன மொழியில் "ரென்" என்றொரு சொல் உண்டு. மனிதன் என்னும் குறியும் இரண்டு என்னும் குறியும் சேர்ந்த எழுத்து அது. ஒரு மனிதன் அடுத்தவனை உணர்ந்து, அவனிடத்தில் தன்னை வைத்துப் பார்க்கும் பண்பையே அது குறிக்கிறது. அதற்கு நேரான சொல் கிடைக்காமல், கடைசியில் மனச்சான்று என்ற சொல்லைச் சேர்த்தனர். அறிவு மட்டும் இருந்தால் போதுமானால், நச்சுப்புகைக் கூடங்களைக் கட்டியவர்களுக்கும் அறிவு இருந்ததே!

இனி அந்தத் தம்பியின் கேள்விக்கு வருவோம். 1948-இன் இறுதி மாதங்களில் பிரேசில் நாட்டினர், மனிதன் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவன் என்று முதற்பிரிவிலேயே எழுத வேண்டுமெனக் கோரினர். நமக்கு அது தித்திக்கும் செய்தி அல்லவா? சாங் அவர்களோ, தம் நாட்டின் பெருந்தொகையான மக்களுக்கு வேறு மரபு உண்டு, அம்மரபைப் பிறர்மேல் சுமத்தத் தாம் முயலவில்லை, பிறரும் அவ்வாறே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று பணிவுடன் கூறினார். பிரேசில் தன் திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இது கடவுளை வெளியேற்றியதாகுமா? நாம் அவ்வாறு எண்ணவில்லை. கடவுளின் பெயரை எழுதிவிட்டு அவருடைய சாயலை மிதித்த நாடுகளை வரலாறு நமக்குக் காட்டுகிறது. 1537-இலேயே பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர், அமெரிக்கப் பழங்குடியினர் உண்மையான மனிதர்கள், அவர்களுடைய விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார். ஆயினும் கத்தோலிக்க அரசர்களின் குடியேற்றங்களிலேயே அம்மக்கள் நசுக்கப்பட்டனர். பெயர் இருந்தது, சாயலுக்கு மதிப்பில்லை. பிரகடனத்திலோ பெயர் இல்லை. சாயலுக்குரிய மாண்பு வரிக்கு வரி இருக்கிறது. அதன் ஊற்று எதுவெனச் சொல்லும் பொறுப்பு நம்முடையது. அதனை வாயால் மட்டும் சொன்னால் போதாது.

1948 டிசம்பர் 10-ஆம் நாள் பாரிஸ் நகரில் 30 பிரிவுகள் கொண்ட பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. அன்றிருந்த 58 உறுப்பு நாடுகளில் 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. சோவியத் ஒன்றியம் உள்ளிட்ட 6 பொதுவுடைமை நாடுகளும், சவூதி அரேபியாவும், நிறவெறிக் கொள்கையைக் கைக்கொண்ட தென்னாப்பிரிக்காவும் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. இது மேல்நாட்டார் சரக்கு என்று இன்றும் சிலர் சொல்வதுண்டு. சீனரும், லெபனானியரும், இந்தியரும் அதைச் செதுக்கிய கதையை இப்போது கேட்டீர்கள். 1993-இல் வியன்னா மாநாட்டில் 171 நாடுகள் ஒருமனதாக அதனை மீண்டும் உறுதி செய்தன என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிரகடனம் தன்னளவில் சட்டமன்று. அதனைச் சட்டமாக்கும் இரு உடன்படிக்கைகள் 1966-இல் நிறைவேறி 1976-இல் நடைமுறைக்கு வந்தன. இந்தியா 1979-இல் அவற்றில் இணைந்தது. ஆனால் நம் நாடு அதற்காகக் காத்திருக்கவில்லை. பாரிஸ் வாக்கெடுப்புக்கு 11 நாட்கள் முன்னரே, 1948 நவம்பர் 29 அன்று, தில்லியில் நம் அரசியல் நிர்ணய சபை தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது. இன்று அது அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஹன்சா மேத்தா அம்மையார் அச்சபையிலும் உறுப்பினர். சென்னை இலயோலாக் கல்லூரியின் தலைவராயிருந்த இயேசு சபைக் குரு ஜெரோம் டி சூசா அவர்களும் அச்சபையில் அமர்ந்திருந்தார் என்பது நமக்குப் பெருமை.

திருச்சபையின் பங்கையும் ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் மதச் சுதந்திரம் என்ற சொல்லையே திருச்சபைத் தலைமை ஐயத்துடன் நோக்கியது. 1948-இல் பாரிஸ் நகரில் பாப்பரசரின் தூதுவராயிருந்தவர் ரொங்காலி ஆண்டகை. அவரே பின்னர் இருபத்துமூன்றாம் அருளப்பராகி, 1963-இல் வெளியிட்ட "அவனியில் அமைதி" என்னும் சுற்றுமடலில், சிற்சில குறைகள் சுட்டப்பட்டாலும் இப்பிரகடனம் ஒரு முக்கிய முன்னேற்றப் படி என்று போற்றினார். அம்மடலை நல்மனம் கொண்ட மனிதர் அனைவருக்குமே அவர் எழுதினார். 1965-இல் வத்திக்கான் சங்கம் மதச் சுதந்திரத்தை மனித மாண்பின் உரிமையென ஏற்றது. 1979-இல் இரண்டாம் அருள் சின்னப்பர் ஐக்கிய நாடுகள் சபையிலேயே நின்று இப்பிரகடனத்தை ஒரு மைல்கல் என்று புகழ்ந்தார். தாய்த் திருச்சபையே கற்றுக்கொண்டு வளர்ந்திருக்கும்போது, கற்றுக்கொள்ள நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

அன்பார்ந்தவர்களே, பாரிசைப் பற்றிப் பேசுவது எளிது. நம் தெருவைப் பற்றிப் பேசுவதுதான் கடினம்.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு பங்கில், பங்குத்தந்தையும் உதவிக்குருவுமாக நாங்கள் இருவர் பணியாற்றினோம். ஒரு மூதாட்டி இறந்துபோனார். நாள் தவறாமல் பூசை கண்டவர். ஊரின் தூம்பாவை அவருடைய தெருவுக்கு அனுப்ப மாட்டோம் என்று சிலர் மறுத்தனர். மூங்கில் பாடையில் தூக்கிச் சென்று, கல்லறைத் தோட்டத்தின் சுவருக்கு அப்பால் அடக்கம் செய்தனர். வழக்கத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது என்று நாங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொண்டோம். தீர்த்தம் தெளித்துவிட்டுத் திரும்பும்போது அந்தப் பாட்டியின் பேரன் கேட்டான்: "சாமி, எங்க பாட்டிக்கு ஞானஸ்நானம் கொடுத்த தண்ணி மட்டும் வேற தண்ணியா?" எங்களிடம் விடையில்லை. அன்று வாய்திறவாமல் இருந்தது எங்கள் பாவம். அதை இன்று உங்கள் முன்னிலையில் அறிக்கையிடுகிறோம்.

நம் பங்கில் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இல்லை. அதற்காக நன்றி கூறுவோம். ஆனால் இந்த 50 ஆண்டுகளில் நம் திருவிழாத் தேர் எத்தெருக்களில் சென்றது, எந்தத் தெருமுனையில் திரும்பிவிட்டது என்பதை ஒவ்வொருவரும் அறிவோம். பாதை குறுகல் என்றோம். மின்கம்பி தாழ்வு என்றோம். அகலமான இரதத்தைச் செய்தவர்களும் நாமே, குறுகலென்று சொன்னவர்களும் நாமே.

இதுபற்றிப் பங்குப் பேரவை நான்கு முறை கூடியது. கோபமும் கண்ணீரும் இருந்தன. ஒருவர் எழுந்து வெளியே சென்று, பிறகு திரும்பி வந்து அமர்ந்தார். பாரிசிலும் அவ்வாறே 80-க்கும் மேற்பட்ட முறை கூடியல்லவா ஒரு பிரகடனம் உருவாயிற்று! நான்காம் கூட்டத்தின் முடிவில், சிறிய சப்பரம் ஒன்று செய்வதென்றும், நாளை இரவுப் பவனி பங்கின் எல்லாத் தெருக்களிலும் செல்வதென்றும் முடிவாயிற்று. மனம் ஒப்பாதவர் சிலர் இன்னும் இருக்கின்றனர். அவர்களை நாம் பகைக்கவில்லை. நாளை அவர்களும் ஒரு தோள் கொடுக்க வேண்டுமென்று மன்றாடுகிறோம்.

டிசம்பர் 10 ஆண்டுதோறும் திருவருகைக் காலத்திலேயே வருகிறது. சத்திரத்தில் இடம் மறுக்கப்பட்ட ஒரு குழந்தைக்காக நாம் காத்திருக்கும் நாட்கள் அவை. அவர் பிறந்த அன்று எத்தெருவும் அவருக்குக் குறுகலாக இல்லை. நாளை சப்பரம் அந்தத் தெருவுக்குள் நுழையும்போது, யூபிலியின் கொம்பு நம் ஊரில் உண்மையாகவே ஊதப்பட்டது என்று நம் பிள்ளைகள் சொல்லட்டும்.

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. நம் பாதுகாவலியாம் அன்னை மரியாள் நமக்காகப் பரிந்துபேசுவாளாக.