குறட்டை அடங்கினால் போதுமா?

(மருத்துவமனை ஆதரவாளர் கூட்டத்தில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



குறட்டை என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். பிரசங்க வேளையில் எழும் குறட்டையை நாங்களும் அறிவோம். அது நல்ல தூக்கத்தின் அடையாளம் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தோம். ஒரு சகோதரி எங்கள் எண்ணத்தை மாற்றினார்.

அவருடைய கணவர் லாரி ஓட்டுநர். கால் முறிந்து எங்கள் வார்டில் படுத்திருந்தார். ஜெபித்து முடித்ததும் அந்தச் சகோதரி, "ஐயா, இவர் குறட்டைவிட்டால் எனக்குப் பயமில்லை, அது சட்டென்று நிற்கும்போதுதான் பயம். 20 வரை எண்ணுவேன், மூச்சு வராது. தட்டி எழுப்புவேன். கடையில் ஒரு பல் கவசம் வாங்கிப் போட்டார், சத்தம் குறைந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்" என்று அழுதார். சில வாரங்களில், பட்டப்பகலில் அவர் கண்ணயர்ந்து, வண்டி புளியமரத்தில் மோதியிருந்தது.

தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னே சரிகிறது. மூச்சுப்பாதை குறுகினால் குறட்டை. அடைபட்டால் மூச்சு நின்றுவிடும். இதுவே 'ஸ்லீப் ஆப்னியா'. 10 வினாடிகளாவது மூச்சு நிற்பதையும் மிகக் குறைவதையும் மருத்துவர்கள் எண்ணுகிறார்கள். மணிக்கு 5 முதல் 14 தடவை என்றால் லேசானது, 15 முதல் 29 நடுத்தரமானது, 30 அல்லது அதற்கு மேல் கடுமையானது. இரத்த அழுத்தமும் பகல் தூக்கமும் இதனோடு வருகின்றன.

1981இல் ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் அறிமுகப்படுத்திய, மூக்கு வழியே காற்றைச் செலுத்தும் சீ-பாப் கருவியே கடுமையான நோய்க்கு முதல் சிகிச்சை. நம் சகோதரருக்கு இரவுநேரப் பரிசோதனையில் நடுத்தர நோய் என்று தெரிந்தது. லாரியில் உறங்குகிறவர் அந்தக் கருவியை எப்படிச் சுமப்பார்? ஆகவே பல் மருத்துவர் அவருடைய பற்களுக்கு அச்சு எடுத்து, மேலும் கீழும் பொருந்தும் கவசம் செய்தார். அது கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னே நிறுத்துகிறது. நாக்கும் கூடவே முன்வர, வழி திறக்கிறது. வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் சரிசெய்தார்கள். முதலில் எச்சில் ஊறியது, காலையில் தாடை வலித்தது. நாளடைவில் பல் வரிசை சற்று மாறவும் கூடும் என்பதால் அவர் தொடர்ந்து வந்து காட்டுகிறார். கவசம் போட்டபடியே மறுபரிசோதனை செய்தபின்புதான், மூச்சுத்தடை வெகுவாகக் குறைந்ததென்று மருத்துவர் உறுதி சொன்னார்.

கடைக் கவசம் சத்தத்தை அடக்கியது. நோய் அடங்கியதா என்று எவரும் பார்க்கவில்லை. பரிசோதனைதான் அதைக் காட்டும். செலவுசெய்ய இயலாதவர்களுக்கு அந்தப் பரிசோதனை கிடைக்க உங்கள் காணிக்கை உதவுகிறது; நன்றி.

இன்னொன்றையும் கேட்கிறோம். இன்றிரவு உங்கள் வீட்டில் குறட்டைவிடுகிறவரின் மூச்சைச் சற்றுக் கவனியுங்கள். அது இடையில் நின்றால், காலையில் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.